சந்தனத்துக்குக் கொடுத்த வாக்கு

கொழிஞ்சாம்பாறை
10 மார்ச் 2025

அன்புள்ள இந்து,

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம். நேற்று நீ பாதியில் வைத்தாய். இன்று காலை பார்த்தால் என் எண்ணையே தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது என்ற தைரியத்தில், காந்தலூரில் நீ வேலை பார்க்கும் விடுதி முகவரிக்கே இதை அனுப்புகிறேன். வரவேற்பு மேசையில் நீதான் வாங்குவாய். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே.

நேற்று நான் சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லவில்லை. ஈஸ்டர் உயிர்ப்புத் திருநாளுக்கு நம் தேவிகுளம் மாதா கோயிலில் திருமுழுக்கு வாங்கிக் கிறிஸ்தவளாகப் போகிறேன், பெரியம்மாவிடம் இப்போது சொல்லாதே, அன்றைக்குத் தெரிந்து சந்தோஷப்படட்டும் என்றாய். நான் கூடாது என்றேன். ஒரு கிறிஸ்தவப் பெண் சொல்லக்கூடிய பதில்தானா இது என்று ராத்திரி எனக்கே தோன்றியது. ஆனாலும் பதில் மாறவில்லை.

உன் அம்மா சந்தனம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்ததை உன்னிடம் யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். உனக்கு ஆறு வயது. கட்டிலில் அவள் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒன்பது. கதவோரம் நின்று கேட்டேன். அவளும் உன் பெரியம்மாவான என் அம்மாவும் எஸ்டேட்டில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளியவர்கள். லயத்தில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு வீடுகள். பிள்ளையை வளர்த்துவிடு என்று அவள் கேட்டாள். கட்டிக்கொடுக்கிற நாள் வரைக்கும் நான் பெற்ற மாதிரியே இருக்கட்டும், பேரை மாற்றாதே, வருஷா வருஷம் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்க விடு என்றாள். போடியில் இருக்கும் தம்பியோடு அவளுக்குப் பேச்சு இல்லாத காலம் அது.

"எந்தம்பி என்னைக்காவது கோவம் தீந்து வந்தான்னா, இது நம்ம அக்கா புள்ளதான்னு அவனுக்கு அடையாளம் தெரியணும் கத்தரீனா. தாய்மாமன் இல்லாம எம்புள்ள மணவறையில நிக்கக் கூடாது."

அம்மா சேசுவின் பேரால் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். நம் லயத்தில் முளைப்பாரியை அவரவர் வீட்டு இருட்டறையில்தான் வளர்ப்பார்கள். அது வீட்டில் இருக்கும் வரை கறி மீன் கிடையாது. அம்மன் திருவிழாவும் உயிர்ப்புத் திருநாளும் ஒன்றாக வந்த வருஷங்களில், ஊரெல்லாம் நோன்பு முடித்துக் கறி சமைக்க, நம் வீட்டில் சாம்பார். மாதா கோயில் பெண்கள் என்னென்ன பேசினார்கள் என்பதும் உனக்குத் தெரியும். ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழும் வரைக்கும் அம்மா ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

இந்த வருஷம் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று காப்புக்கட்டு, அம்மன் திருவிழாவின் தொடக்கம். உயிர்ப்புத் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை ஊர்வலம். மே மாதம் உன் கல்யாணம். அதாவது இதுதான் கடைசி முளைப்பாரி. கரை தெரிகிற இடத்தில் வந்து நீ படகிலிருந்து குதிக்கிறேன் என்கிறாய்.

உன் அக்கா,
ஞானஜோதி


காந்தலூர்
17 மார்ச்

அக்கா,

கிழிக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் மேசை இழுப்பறையில் பிரிக்காமல் போட்டு வைத்திருந்தேன். அந்த அளவுக்குக் கோபம்.

நீ டீச்சர். அழகாக எழுதுகிறாய். எனக்கு அப்படி வராது. நேராகக் கேட்கிறேன். என்னைப் பற்றிய ஒப்பந்தம் நடந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நீயே எழுதுகிறாய். அந்த ஆறு வயதுக்காரியை யாராவது எழுப்பிக் கேட்டீர்களா?

நீங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க வரிசையில் போவீர்கள். திருமுழுக்கு வாங்காத நான் கடைசி பெஞ்சில் உங்கள் குடைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாட்டெல்லாம் எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அம்மன் கோயிலுக்குப் போனால் அங்கே பெண்கள், "வேதக்கார வீட்டுப் புள்ள வந்துட்டாடி, தள்ளி நில்லுங்க" என்று சிரிப்பார்கள். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் நான் விருந்தாளி. பிரதீப்பின் அம்மா முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது என்ன கேட்டார் என்று தெரியுமா? "உனக்கு எந்தச் சாமிம்மா, முன்னாடியே சொல்லிடு, நான் சமையலுக்கு ஆள் சொல்லணும்." பிரதீப் நடுவில் புகுந்து, எந்தச் சாமியானாலும் கல்யாணத்தில் மட்டன் இருக்கும் என்று முடித்து வைத்தார்.

பெரியம்மா என்னை வளர்த்த வளர்ப்புக்கு ஒரு வார்த்தை குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதனால்தான் இதைச் செய்கிறேன். ஒரு கை விழுந்து, சாப்பாட்டை யாராவது ஊட்டிவிட வேண்டிய நிலையில் கிடக்கிறாள். ஜெபமாலை உருட்ட இடது கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் என்ன கொடுப்பேன்? புடவையா? இருபது வருஷம் அவள் வாய்விட்டுக் கேட்காத ஒன்று இருக்கிறது. அதை அவள் கண் மூடுவதற்கு முன்னால் கொடுக்க நினைக்கிறேன். மறையூர் கன்னியர் மடத்தில் போன வருஷத்திலிருந்து ஞாயிறு தோறும் மறைக்கல்வி படித்துக்கொண்டிருக்கிறேன். நம் பாதர் சம்மதித்துவிட்டார். பிரதீப்புக்கும் ஆட்சேபம் இல்லை.

தடுக்காதே.

இந்து


கொழிஞ்சாம்பாறை
23 மார்ச்

அன்புள்ள இந்து,

குடைகளைப் பற்றி எழுதியிருந்தாய். நான் வரிசையில் நின்றபோது ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. இதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு வகுப்பில் மனம் நிற்கவில்லை.

உன்னை யாரும் எழுப்பிக் கேட்கவில்லை என்பது உண்மை. பெற்றவர்கள் எங்களையும்தான் கேட்காமல் திருமுழுக்குக்குத் தூக்கிப் போனார்கள் என்று எழுத நினைத்தேன். அது வாதத்துக்குச் சரி, ஆறுதலுக்கு உதவாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நீ நம்புகிறாய் என்றால் உன்னைத் தடுக்க நான் யார்? அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைக்காதே. நீ என் பக்கத்தில் வரிசையில் நின்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காதவளும் இல்லை நான். ஆனால் உன் கடிதத்தில் நீ ஆண்டவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எல்லாம் அம்மாவைப் பற்றி. அவளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்கிறாய். அவள் கொடுத்த வாக்கை உடைத்து, அந்தத் துண்டை அவளுக்கே பரிசாகக் கொடுப்பது போல எனக்குத் தோன்றுகிறது. மே மாதம் வரைக்கும் பொறு. கல்யாணத்தோடு வாக்கு முடிகிறது. அதற்குப் பிறகு நீ எடுக்கும் முடிவு முழுக்க முழுக்க உன்னுடையது, யாருக்கும் நன்றிக்கடனாக இருக்காது.

முளைப்பாரியை யார் வளர்ப்பது என்ற கவலை வேண்டாம். நான் வளர்க்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு உயிர்ப்புத் திருநாள் முடிந்து செவ்வாய்க்கிழமையிலிருந்துதான் வர முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாவிடம் பாசிப்பயறும் தட்டைப்பயறும் கேட்டேன். எதற்கென்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏனுங்க டீச்சர், உங்கூட்லயுங்களா? சிலுவை போட்ட ஊட்லயுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். நல்ல விதையாகப் பொறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இருட்டில் முளைக்க வைப்பது எப்படி என்று கருத்தாக, இரண்டு பக்கம் எழுதலாம் போலக் குறிப்பும் சொன்னார். உயிரியல் பாடம் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஜோதி


காந்தலூர்
31 மார்ச்

அக்கா,

நீ வளர்ப்பதை வளர். நான் தடுக்கவில்லை. சந்தனத்தின் மகள் என்ற முறையில் அதற்கு நன்றியும் சொல்கிறேன்.

ஆனால் பாதரிடம் சொன்னதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை வருகிறேன். வெள்ளைப் புடவை எடுத்தாகிவிட்டது.

ஆண்டவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்றாய். உங்கள் வீட்டில் அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசி நான் கேட்டதில்லையே. பெரியம்மா செய்வதைப் பார்த்துத்தான் எனக்கு அவரைத் தெரியும்.

இந்து


தேவிகுளம்
16 ஏப்ரல், புனித புதன்

அன்புள்ள இந்து,

பிரதீப் ஜீப்பில் காந்தலூர் திரும்புகிறார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். சனிக்கிழமை நீ வருவதற்கு முன் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

முதலில் ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். முளைப்பாரி பச்சையாகிவிட்டது.

முன்பே ஊறவைத்து முளைகட்டியிருந்த விதையைக் காப்புக்கட்டு அன்று போட்டேன். வீட்டில் இருட்டான இடம் அம்மா படுத்திருக்கும் அறை ஒன்றுதான். அங்கேயே மூலையில் வைத்து ஜன்னலை அடைத்தேன். அம்மா படுக்கையிலிருந்தே கண்ணால் மேற்பார்வை பார்த்தாள். தண்ணீர் அதிகமானால் தொண்டையைக் கனைப்பாள். முளை இளமஞ்சளாக, நெருக்கமாக, அழகாக வந்தது. நேற்றுக் காலை பாதர் அம்மாவுக்கு நற்கருணை கொண்டுவந்தார். நோயாளி அறை இப்படி அடைத்துக் கிடக்கலாமா என்று அவரே போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். நல்ல மனதோடு செய்தது. அவர் போன பிறகு சாத்த வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. சாயங்காலம் பார்த்தால் ஜன்னல் பக்கம் முழுக்கப் பச்சை. இலைப் பச்சையத்தைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான்.

ஏன் நினைப்பு இல்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

நற்கருணை கொடுத்து முடித்ததும் பாதர், அம்மாவுக்குத் தெரியாது என்பதை மறந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக, சனிக்கிழமை இந்துவுக்குத் திருமுழுக்கு, உங்கள் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது அம்மா என்றார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அம்மா பாதரின் அங்கியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். பேச்சு இன்னும் முழுசாக வரவில்லை, உனக்குத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துத்தான் வைக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சேசு பேரச் சொல்லிச் சத்தியம் பண்ணினேன் பாதர். அத ஒடச்சுப் போட்டுட்டு, அவரு முன்னாடியே அவளக் கொண்டுபோயி நிறுத்தவா?"

பாதர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று. மூலையில் துணி போட்டு மூடியிருந்ததைப் பார்த்தார். என்ன அது என்று கேட்டார். அம்மா, "சந்தனத்தோடது" என்றாள். அவர் கோபப்படுவார் என்று எனக்குப் பயம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். இந்தப் பங்குக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் இது எனக்குத் தெரியாதே என்றார். போகும்போது வாசலில் நின்று, அவள் காத்திருக்கட்டும், நானும் காத்திருக்கிறேன் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

அவர் போனதும் அம்மா அழுதாள். உனக்கு ஆசை இல்லையா அம்மா என்று கேட்டேன்.

"ஆச இல்லாம இருக்குமாட்டி. அது வேற, சொன்ன சொல்லு வேற."

நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் திறந்தே கிடந்தது.

முடிவை இனி நீ எடு. நான் வாதாடி முடித்துவிட்டேன். பிரதீப் இரண்டாவது டீயும் குடித்துவிட்டார்.

ஜோதி


தேவிகுளம்
23 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திங்கள்கிழமை பாலக்காட்டு பஸ் ஏறியதிலிருந்து நடந்ததைச் சொல்கிறேன். போனில் சொல்லலாம்தான். உன் எண்ணைத் திறந்தும் விட்டேன். ஆனால் இதை எழுத வேண்டும் போலிருக்கிறது.

உன் கடிதத்தைப் பிரதீப் கொடுத்தபோது விடுதியில் ஆட்கள் நிறைந்த நேரம். பின்பக்கம் காரட் தோட்டத்துக்குப் போய் நின்று படித்தேன். வெள்ளைப் புடவையோடு வந்தவள் அதை உடுத்தாமல் உங்களோடு உட்கார்ந்து சாம்பார் சாப்பிட்டதை நீ பார்த்தாய். ஏன் என்று நீயும் கேட்கவில்லை, பெரியம்மாவும் கேட்கவில்லை. பெரியப்பா மட்டும், இந்த வருஷம் சாம்பார் நல்லாயிருக்கு என்று மூன்று தடவை சொன்னார். அப்போதே எனக்கு மனது லேசாகிவிட்டது. பெரியம்மா கொடுத்த வாக்கை நான் இதுவரை என் மேல் போட்ட பூட்டு என்றே நினைத்திருந்தேன். அதை அவள் தன் மேல்தான் போட்டுக்கொண்டாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தான் அதிகமாக ஆசைப்படும் ஒன்றை, இறந்துபோன ஒருத்திக்காக, கேட்க ஆள் இல்லாத இடத்திலும் கேட்காமலேயே இருந்திருக்கிறாள்.

நேற்று ஊர்வலம். முளைப்பாரியை இறக்கி வைத்ததும் பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். எல்லாருடையதும் மஞ்சள், என்னுடையது மட்டும் ஒரு பக்கம் பச்சை.

"என்னட்டி இது, வேதக்கார வீட்டு முளைப்பாரி வெயில் காய்ஞ்சிருக்கு" என்று ஒருத்தி.

"பாதரு வந்து ஜன்னலத் தொறந்து விட்டாராம்" என்றேன் நான்.

கும்மி நின்றுபோகிற அளவுக்குச் சிரித்தார்கள். பூசாரி ஈஸ்வரன் மாமா மட்டும் சிரிக்காமல், அம்மனுக்குப் பச்சை ஆகும், தூக்கும்மா என்றார். தள்ளி நிற்கச் சொல்லி யாரும் கேலி பேசவில்லை. ஒருவேளை பேசினார்களோ, என் காதில் விழவில்லையோ.

ஆற்றுக்குப் போகும் வழியில் லயத்துப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் கும்மிப் பெண்கள் தாங்களாகவே திருப்பினார்கள். பெரியப்பா பெரியம்மாவை நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கி வந்திருந்தார். நான் முளைப்பாரியோடு அவள் முன்னால் நின்றேன். அவள் இடது கையைத் தூக்கி, முளையைத் தொடவில்லை, என் முகத்தைத் தொட்டாள்.

இன்னொன்று. கரைத்துவிட்டுத் திரும்பும்போது பாலத்தில் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, ஏலக்காய் வாசனை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கல்யாண அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார் போல. "சந்தனம் மகதான நீ" என்றார். "நடை அப்படியே இருக்கு." போடி மாமா பெரியமுத்து. மாமா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. சீர் கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

என் அம்மா கேட்டது நடக்கப் போகிறது அக்கா. அவள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் அவள் கேட்டது நடக்கப் போகிறது.

உன் தங்கை,
இந்து


தேவிகுளம்
25 மே 2025, ஞாயிறு

அன்புள்ள இந்து,

புது வீட்டில் எப்படி இருக்கிறாய்? உன் மாமியார் சமையலுக்கு ஆள் வைத்த கதையைப் பிரதீப் சொல்லிச் சிரித்தார். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதுவரை இங்கே அம்மாவோடு இருக்கிறேன்.

கல்யாணத்தன்று உனக்குத் தெரியாமல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியமுத்து மாமா மாலை போட்டதையும், உன்னைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வந்ததையும் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் ஜீப் ஏறிப் போன பிறகு, பந்தலில் கூட்டம் குறைந்துவிட்டது. தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்த நான் அம்மா யாரோடோ பேசுவதைக் கேட்டுத் திரும்பினேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏட்டி சந்தனம், ஒம் புள்ளய ஒப்படச்சிட்டேன். நீ பெத்த மாதிரியே இருக்கா. பாத்துக்கிட்டியா?"

கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருப்பது போல இருந்தாள். பிறகு என்னிடம், பசிக்கிறது, ஒரு இலை போடு என்றாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவளாகப் பசிக்கிறது என்று சொன்னது அன்றைக்குத்தான்.

இனி என்ன செய்ய வேண்டும் அக்கா, நீயே சொல்லு என்று போனில் கேட்டாய். நான் சொல்ல மாட்டேன். அம்மாவும் சொல்ல மாட்டாள். மறையூர் மடம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, பாதர் காத்திருக்கிறேன் என்று சொன்னதை மாற்றவில்லை, மாரியம்மனும் அங்கேயேதான் இருக்கிறாள். நீ எந்தப் பக்கம் நடந்தாலும் உன்னை அனுப்பிவைத்தவர்கள் நாங்கள் இல்லை. ஒருவேளை நீ வருவாய் என்றால், அது அம்மாவுக்காக இருக்க வேண்டாம்.

நான் உன்னிடம் ஒன்று சொல்ல நினைத்துப் பல வருஷமாகச் சொல்லாமல் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு நீ வந்தது எனக்கு நல்லதாயிற்று. புத்தகத்தில் படித்த நம்பிக்கை எதையும் நான் நம்பியதில்லை. ஒரு கிறிஸ்தவத் தாய், மாரியம்மனுக்கு முளைப்பாரி வளர்த்ததைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்ததால்தான் எனக்குக் கடவுள் இருக்கிறார். உன்னை வைத்துத்தான் எனக்கு அது காட்டப்பட்டது. அதற்கு உனக்கு நன்றி.

இன்று காலை நடந்ததற்கு வருகிறேன். ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக அம்மா மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். அப்பாவும் நானும் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். பூசைக்கு முன்னால், இந்தத் திருப்பலி யாருடைய கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பாதர் வாசிப்பார் இல்லையா. இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற, தேர்வில் வெற்றி பெற, இப்படி. அம்மா வெள்ளிக்கிழமையே பாதருக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது.

கோயில் நிறைந்திருந்தது. நம்மைப் பற்றி இத்தனை வருஷம் பேசியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். பாதர் பீடத்திலிருந்து, சற்று நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"சந்தனத்தின் மகள் இந்துவின் திருமணம் நல்லபடியாக நிறைவேறியதற்காகவும், தோழிக்குக் கொடுத்த வாக்கைக் கடைசி வரை காப்பாற்ற இறைவன் பெலன் தந்ததற்காகவும், கத்தரீனாள் ஒப்புக்கொடுக்கும் நன்றித் திருப்பலி."

உன் அம்மாவின் பெயர் அந்தக் கோயிலுக்குள் சத்தமாகச் சொல்லப்பட்டது. அப்பா கைக்குட்டையைத் தேடினார். அம்மா நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி "ஆமென்" என்றாள். இன்னொருத்தி சொன்னாள். பிறகு எல்லாரும்.

அன்புடன்,
ஜோதி